வழவழப்பின் வரலாறு

அமெரிக்காவில் 1953இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் ஜெர்மனியில் நிலைகொண்ட செர்ரி நிறுவனம், 1980களில் எம்.எக்ஸ். என்னும் சுவிட்ச் வகையை அறிமுகப்படுத்தியது. மெக்கானிக்கல் வகைக் கணினி விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இத்தகைய சுவிட்ச் ஒன்று இருக்கும். விசையை அழுத்தும்போது அதனுள்ளிருக்கும் தண்டு 4 மி.மீ. கீழிறங்கும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் அந்தச் சொரசொரப்பே ஆர்வலர்களின் தீராக்குறை.

குறை தீர அவர்கள் தேடியவை, அலுவலகங்களில் இயங்கிய வைஸ் கணினி முனையங்களிலிருந்து கழற்றிய பழைய கறுப்புச் சுவிட்சுகள். அவை வழுக்கிச் செல்வதற்குக் காரணம் அன்றைய புதிய வார்ப்பச்சு என்பர் சிலர். பல்லாண்டுகள் தட்டிய விரல்கள் என்பர் வேறு சிலர். பழையவை அருகிப்போகவே, புதியவற்றை வீட்டு மேசையில் பிரித்து மசகு பூசும் வழக்கம் வலுப்பெற்றது. தண்டின் பக்கவாட்டிலும் அது உரசும் தடத்திலும் மெல்லிய தூரிகையால் பூச வேண்டும்; சுருள்வில்லுக்குச் சிறிது எண்ணெய். பலரும் நாடும் கிரைடாக்ஸ், டூபாண்ட் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கும் விண்வெளித் துறைக்கும் வழங்கிய மசகு. பூச்சு மிகுந்தால் விசை மந்தமாகிவிடும். 104 விசைகளைப் பிரித்துப் பூட்ட ஒரு மாலைப்பொழுது போதாது.

விரல்களே காரணம் என்பது மெய்யானால், அந்த வழவழப்பு கூலிக்குத் தட்டியவர்களின் உழைப்பு. பழைய சுவிட்சை வாங்குபவர் அதையும் சேர்த்தே வாங்குகிறார். சுவிட்சின் நிறத்தையும் ஆண்டையும் நுணுகிக் குறிக்கும் ஆர்வலர் ஏடுகளில், அவ்விரல்களுக்கு உரியவர்களின் பெயர்களுக்கு இடமில்லை.