குதிரையில் பத்தில் ஒரு பங்கு

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஆபீஸ் நண்பன் வாட்ஸப்பில் ஒரு குதிரையின் படம் அனுப்பினான். பெங்களூரில் நிற்கும் ரெண்டு வயசுக் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மச்சி, பத்து பேர் சேர்ந்து எடுக்கறோம். ஆளுக்குப் பத்துல ஒரு பங்கு. மாசாமாசம் தீனி, டிரெய்னிங், டாக்டர் செலவு போடணும். வரியா?"

நான் காசிமேட்டுக்காரன். குதிரை என்றால் மெரினாவில் சவாரிக்கு நிற்பதுதான் தெரியும். நைனாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விலை கேட்கவில்லை. ஜெயிக்குமா என்றும் கேட்கவில்லை.

"கால் ஒடிஞ்சா இன்னா பண்றதுன்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கரைக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் ராணுவத்துக்கான குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தன. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்று பெயர். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் வருவார்கள். குதிரைகளைக் கடலில் இறக்கி அலையில் நீந்தவிட்டே கரை சேர்த்ததும் உண்டு.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஒரு விசேஷம். சட்டப்படி ஒரு கப்பல் 64 பங்கு. ஒருத்தருக்கு எட்டு, இன்னொருத்தருக்கு ரெண்டு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். காரணம் எளிது: கப்பல் முழுகினால் ஒருத்தர் மட்டும் தெருவுக்கு வரக்கூடாது. ஆனால் எந்தத் துறைக்குப் போவது, எப்போது பாய்மரம் மாற்றுவது என்று 64 பங்குக்காரர்களையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதனால் நிர்வாகத்தை ஒருத்தர் கையில் கொடுத்தார்கள். அவருக்கு 'கப்பலின் கணவன்' என்றே பெயர். நஷ்டத்தைப் பிரிக்கலாம், முடிவைப் பிரிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிண்டிக் கதைக்கு வருவோம். அங்கே 1777-லேயே பந்தயம் தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் வந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ரேஸ் நாளில் பீச் ஸ்டேஷனில் ரயிலேறிக் கிண்டியில் இறங்குவார். நாலு பேர் காசு போட்டு ஒரு டிக்கெட். அந்தக் கூட்டு சாயங்காலத்தோடு முடிந்துவிடும். தோற்றால் டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

தாத்தா மாதிரி ஆட்களின் வீட்டு அடுப்பை நினைத்துத்தான் தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தது. இத்தனை வருடச் சண்டையிலும் பேச்செல்லாம் பந்தயம் கட்டுகிறவனைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும்தான். குதிரையில் பங்கு வைத்திருப்பவனின் கதை வேறு. அவன் கூட்டு சாயங்காலத்தோடு முடியாது. குதிரை ஓடாத மாதத்திலும் தின்னும்.

நல்லது இல்லாமல் இல்லை. தனியாளால் தாங்க முடியாத செலவைப் பத்தாகப் பிரிக்கலாம். ஒரே குதிரையில் மொத்தப் பணத்தையும் போடுவதற்குப் பதில் நாலு குதிரையில் சின்னச் சின்னப் பங்கு எடுக்கலாம். விடியற்காலையில் போய் நின்று, பனியில் அது ஓடுவதைப் பார்த்து "நம்மளுது" என்று சொல்லலாம். அதற்கு விலை கிடையாது.

கெட்டது காகிதத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளைச் சேர்ந்து வைத்திருப்பது வேறு, சேர்ந்து வியாபாரம் செய்வது வேறு. 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டால், நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் முழுப் பொறுப்பு. ஒன்பது பேர் கைவிரித்தால் மீதிப் பாக்கியும் உன் தலையில் விழலாம். வரியும் இரக்கம் காட்டாது. 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 74ஏ பிரிவு, பந்தயக் குதிரை வளர்ப்பதில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க விடவில்லை. அதே குதிரைத் தொழிலில் வரும் லாபத்தில்தான் கழிக்கலாம், அதுவும் நாலு வருடத்துக்குள்.

ஆனால் நைனா கேட்டது பணத்தைப் பற்றியே இல்லை. அவரும் பெரியப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருந்தார்கள். மூணு பங்கு, எல்லாமே வாய்ப்பேச்சு. மீன் பட்ட வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. டீசல், ஐஸ் செலவு போக, ஆட்கள் பங்கு கொடுத்து, மிச்சத்தைப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் தடைக்காலம் முடியும் நேரத்தில் எஞ்சின் போனது. பெரியப்பா புது எஞ்சின் போடலாம் என்றார். மாமா வித்துடலாம் என்றார். நைனா யார் பக்கமும் பேசவில்லை. படகு எட்டு மாதம் கட்டிக்கிடந்து, பலகை உளுத்து, கடைசியில் விறகு விலைக்குப் போனது. அக்கா கல்யாணத்துக்கு மாமா வரவில்லை.

இதே கேள்வி வேல்ஸில் கெவன் ஃபாரஸ்ட் என்ற பழைய சுரங்கத் தொழிலாளர் ஊருக்கும் வந்தது. அங்கே 23 பேர் வாரம் 10 பவுண்டு போட்டு 'ட்ரீம் அலையன்ஸ்' என்ற குதிரையை வளர்த்தார்கள். யோசனை ஜான் வோக்ஸ் என்ற பெண்ணுடையது; கிளப்பில் மது பரிமாறும் வேலை அவருக்கு. 2008-இல் ஓட்டத்தில் காலின் தசைநார் அறுந்தது. இப்படி அடிபட்ட குதிரையை முடித்துவிடுவது அங்கே சாதாரணம். அவர்கள் அதுவரை அது ஜெயித்த பணத்தை அதன் சிகிச்சைக்கே கொடுத்தார்கள். 2009 டிசம்பரில் அது வெல்ஷ் நேஷனல் பந்தயத்தை ஜெயித்தது. எல்லாக் கணக்கும் முடிந்தபோது ஒரு பங்குக்காரருக்குக் கையில் நின்றது சுமார் 1,430 பவுண்டு. பணக்காரர் யாரும் ஆகவில்லை. ஆனால் ஊர் ஒண்ணா இருந்தது.

நண்பனுக்குப் பதில் அனுப்பினேன்: "கால் ஒடிஞ்சா யார் முடிவுன்னு மொதல்ல எழுதுங்கடா. அப்புறம் பங்கு பேசலாம்."

ரெண்டு நீல டிக் விழுந்தது. இன்னும் பதில் இல்லை.

காலையில் நைனாவிடம் சொன்னேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நான் அன்னிக்கு வாயைத் தொறந்திருக்கணும்டா" என்றார்.