குளிர்சாதனப் பால், ஐஸ்கிரீம் விநியோக யந்திரங்கள்

பாலையும் ஐஸ்கிரீமையும் கெடாத குளிர்ச்சியில் காத்து வைத்திருந்து, கைப்பிடியைத் தாழ்த்திய மாத்திரத்தில் குவளையிலோ கோனிலோ வார்த்துத் தரும் வியாபாரச் சாதனங்கள் இப்பெயரால் குறிக்கப்படும். இவற்றுடன் விற்பவர் தரும் விளக்க நூல்கள் பெரும்பாலும் மிதமான சீதோஷ்ணத்தையும் நல்ல தண்ணீரையும் தடையற்ற மின்சாரத்தையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கோடை நீண்டு, நிலத்தடி நீர் உவர்த்து, கரிசற்புழுதி பறக்கும் முதுகுளத்தூர் போன்ற ஊர்களில் அவ்விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. ஆகையால் இச்சாதனங்களின் பொது இயல்புகளோடு, இராமநாதபுரம் மாவட்டத்தின் நிலைமைக்கேற்ப அவற்றை நிறுவிப் பேணும் முறைகளும் ஈண்டு விவரிக்கப்படுகின்றன.

அடிப்படைத் தத்துவம் எளிது. ஒரு திரவம் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த பொருளினின்றும் உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த ஆவியை அழுத்திச் சுருக்கினால் அது சூடேறி, கவர்ந்த உஷ்ணத்தை வேறோரிடத்தில் உதறிவிட்டு மீண்டும் திரவமாகிறது. 1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற யந்திரம் முதல் இன்று கடைத்தெருவில் காணும் டீப் பிரீஸர் ஈறாக யாவும் இச்சக்கரத்தின் மீதே சுழல்கின்றன. கிணற்றில் ஊறும் நீரை இறைத்து வெளியே கொட்டுவது போல, பெட்டிக்குள் இடைவிடாது கசிந்து புகும் உஷ்ணத்தை வாரிப் புறத்தே கொட்டுவதே கம்ப்ரஸரின் தொழில். கொட்டுவதற்கு இடமில்லாதபோது இறைப்பதால் பயனில்லை. இந்த ஒன்றை உள்ளங்கொண்டவருக்கு, நிறுவுதல் பராமரித்தல் பற்றிய விதிகளிற் பெரும்பாலானவை பிறர் சொல்லாமலே விளங்கிவிடும்.

தமிழ்நாட்டில் செயற்கைக் குளிர்ச்சியின் வரலாறு யந்திரத்தோடு தொடங்கியதன்று. அமெரிக்காவின் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி விற்ற பிரடெரிக் டியூடரின் நிறுவனம் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாளியின் ரகசியம் உப்பு. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் அதன் உறைநிலை தாழ்ந்து, கலவையில் ஏறத்தாழக் கால்பங்கு உப்பு சேரும்போது பூச்சியத்துக்குக் கீழ் 21 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ச்சி கிட்டுகிறது. குச்சி ஐஸும் சேமியா ஐஸும் விற்ற தலைமுறையினர் இக்கணக்கைப் பள்ளியிற் படிக்காமலே அறிந்திருந்தனர். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்–வாலிநோக்கம் உப்பளங்கள் முதுகுளத்தூருக்குத் தெற்கே, அதே மாவட்டத்துக் கடலோரத்தில் இருத்தலால், குளிரூட்டுவதற்கு வேண்டிய இரு பொருள்களில் ஒன்றுக்கு இவ்வட்டாரத்தில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. பஞ்சம் மற்றொன்றுக்கே, அதாவது தண்ணீருக்கே.

பால் விநியோக யந்திரம் பெருந்திரளான மக்களுக்குப் பயன்படத் தொடங்கியது, வெண்மைப் புரட்சித் திட்டத்தின் கீழ் 1974-இல் தில்லியில் நிறுவப்பட்ட மதர் டெய்ரியின் சாவடிகளில் எனலாம். அங்கே வில்லையை இட்டுப் பாத்திரத்தை நீட்டியவர்க்குப் பால் அளந்து வார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1958-இல் அமைந்த பால்வளத் துறையும், 1981-இல் உருவாகி ஆவின் என்னும் பெயரால் வழங்கும் கூட்டுறவு இணையமும் பாலைப் பாக்கெட்டில் அடைத்து வீடுகளுக்கு அனுப்பும் வழியிலேயே பெரிதும் வளர்ந்தன. ஐஸ்கிரீமைப் பொறுத்தவரை, 1970-இல் ஆர். ஜி. சந்திரமோகன் சென்னை ராயபுரத்தில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம் பின்னர்ச் சிற்றூர்களை நாடிச் சென்றது குறிப்பிடத்தக்கது. கடைக்கு முன்னே கண்ணாடி மூடியிட்ட டீப் பிரீஸர் நிற்கும் காட்சி தாலுகாத் தலைநகரங்களுக்குப் பழகிப்போனது, பெருநகரத்துக்கு வெளியேயும் சந்தையுண்டு என்று நிறுவனங்கள் இவ்வாறு கண்டுகொண்ட பிறகுதான்.

இச்சாதனங்கள் பல வகையின. பாலை எவர்சில்வர் கலத்திலோ பிளாஸ்டிக் பையிலோ இட்டு, மெல்லிய குழாயை எடைக்கட்டை ஒன்று நெரித்து அடைக்கும் வால்வின் வழியே இறக்கும் பெட்டி ஒன்று. ஒளி ஊடுருவும் தொட்டியில் துடுப்பு மெல்லச் சுழல, ரோஸ் மில்க்கும் பாதாம் பாலும் கண்முன்னே அலைந்துகொண்டிருப்பது மற்றொன்று. இது பார்வைக்கு அழகாயினும், நேர் வெளிச்சம் படும் பாலில் ரிபோபிளேவின் என்னும் சத்து குன்றி வேண்டாத சுவை ஏறுமாதலால் இதனை வெயிலின் பக்கம் வைத்தல் தகாது. மூன்றாவது, பொருட்காட்சிகளில் கோன் ஐஸ் பிழிந்து தரும் யந்திரம். இதில் மேலே கலவைத் தொட்டியும், அதன்கீழ்க் குளிர்ச்சுவர் கொண்ட உருளையும், அதற்குள் சுழன்று சுவரில் உறைந்ததைச் சுரண்டிக் காற்றோடு கலக்கும் அலகுகளும் உண்டு; 1940-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் திறந்த டெய்ரி குவீன் கடை இவ்வகை மென்மையான ஐஸ்கிரீமைப் பிரசித்தப்படுத்தியது. கெட்டியான ஐஸ்கிரீமைப் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியில் வைத்துக் காப்பது டீப் பிரீஸரின் வேலை. கோன் யந்திரமோ தன் சரக்கைக் கீழ் 6 டிகிரி அளவில் உடனே வெளியேற்றுகிறது. மேலே இருக்கும் கலவை, பாலைப் போலவே, 4 டிகிரிக்கு மேற்போதல் ஆகாது.

நம் நாட்டில் பாலைக் காக்கும் பழைய வழி கொதிக்க வைத்தலே. முதுகுளத்தூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் பால் நாள் முழுதும் அடுப்பின் மேல் சூடாகவே இருக்கிறது. அவ்வழக்கம் அறிவுக்குப் பொருத்தமானதுமாகும். இப்பழக்கத்தில் ஊறியவர் முதன்முறையாக விநியோகப் பெட்டி வாங்கும்போது, காய்ச்சிய பாலைச் சற்றே ஆறவிட்டு அதனுள் ஊற்றி, பெட்டி அதைக் குளிர்விக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அது நடவாது. நாற்பது லிட்டர் பாலை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 1,000 கிலோ கலோரி உஷ்ணத்தை அகற்ற வேண்டும். அது பன்னிரண்டரை கிலோ பனிக்கட்டியை உருக்கும் உஷ்ணத்துக்குச் சமம். குளிர்ச்சியைக் காப்பதற்கென்றே அமைந்த சிறிய கம்ப்ரஸர் இதைச் செய்து முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கிருமிகள் தம் வேலையை முடித்துவிடும். ஆதலால் பெட்டிக்குள் செல்லும் பால் முன்னரே குளிர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஆவின் பாக்கெட்டுகளை உடைத்து ஊற்றுவோர், நீலப் பாக்கெட்டில் 3 சதவீதமும் பச்சையில் 4.5 சதவீதமும் ஆரஞ்சில் 6 சதவீதமும் கொழுப்பு இருப்பதை நினைவிற்கொண்டு, ஒரே பானத்துக்கு நாளுக்கொரு நிறம் மாற்றாதிருப்பது சுவைக்கு நல்லது.

நிறுவும் இடமே யந்திரத்தின் ஆயுளை நிர்ணயிக்கிறது என்றால் மிகையன்று. காற்றுவழியே உஷ்ணத்தை உதறும் யந்திரத்துக்குப் பின்னும் பக்கங்களிலும் குறைந்தது 15 சென்டிமீட்டர் வெளி வேண்டும். சுவரோடு ஒட்டி நிறுத்தி, மீதியிடத்தில் சோடாப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கடைகளில் யந்திரம் தான் கொட்டிய உஷ்ணத்தையே மறுபடியும் வாரிக்கொண்டிருக்கும். மேற்கு வெயில் அறையும் திண்ணையும், டீ பாய்லருக்கு அருகிலுள்ள மூலையும், தகரக் கூரைக்கு நேர் கீழும் தவிர்க்கத் தக்கவை. வீட்டு உபயோகத்துக்கான குளிர்ப்பெட்டிகளில் என் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை 32 டிகிரி வரையிலும், எஸ்டி வகுப்பினவை 38 வரையிலும், டி வகுப்பினவை 43 வரையிலும் சுற்றுப்புற உஷ்ணத்தைத் தாங்குமாறு வகுக்கப்பட்டுள்ளன. மலிவென்று முதல் வகுப்புப் பெட்டியை வாங்கித் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு, சித்திரை மாதத்தில் அது ஓயாமல் ஓடுவதைக் கண்டு மெக்கானிக்கைக் கோபித்துக்கொள்வது நியாயமாகாது.

வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்த பெட்டியை நிமிர்த்திச் சில மணி நேரம் அசையாமல் விட்ட பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்; கம்ப்ரஸரிலிருந்து வழிந்த எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப இந்த அவகாசம் அவசியம். கரிசல் மண்ணின் மேல் எழுப்பிய தரை மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் வெடிப்பதால், இன்று மட்டமாக இருந்த யந்திரம் ஆறு மாதத்தில் சாய்ந்து, வடிநீர் தப்பான பக்கம் ஓடும். கால் திருகுகளை ஆண்டுக்கு இருமுறையேனும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தல் நன்று. நில இணைப்புக்கும் இம்மண்ணே சோதனை. ஈரம் வற்றியதும் மண் சுருங்கி உலோகத் தண்டை விட்டு விலகிவிடுவதால், எர்த் குழியில் கோடை முழுதும் தண்ணீர் ஊற்றி வரவேண்டும். கைப்பிடியைத் தொடுகிறவர் ஈரக் கையோடு நிற்கும் வாடிக்கையாளர் என்பதை நினைத்தால் இதன் முக்கியம் புரியும்.

மின்சாரம் நின்று உடனே திரும்பும்போது, குழாய்களின் உட்பக்க அழுத்தம் சமனாவதற்குள் கம்ப்ரஸர் எழ முயன்று, எழ மாட்டாமல் கருகிப்போவதுண்டு. மூன்று நிமிஷமாவது தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைசர் இதற்குப் பரிகாரம். யந்திரத்துக்கெனத் தனி வயரும் தனிப் பிளக்கும் அமைத்தல் வேண்டும். மாவரைக்கும் யந்திரமும் இதுவும் ஒரே நீட்டிப்பு வயரில் தொங்கும் கடைகளுக்கு எந்த ஸ்டெபிலைசரும் உதவாது. அண்டைத் தாலுகாவான கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்துள்ளது. கமுதியில் மின்சாரத்தை விளைவிக்கும் அதே வெயில்தான் முதுகுளத்தூர்க் கடையின் கம்ப்ரஸரை வாட்டுவதும்.

பராமரிப்பில் தலையாயது கண்டன்ஸரின் தூய்மை. இவ்வட்டாரத்தில் அதன் மெல்லிய தகடுகளிடையே படிவது வெறும் புழுதியன்று. சீமைக்கருவேல மரத்தை மூட்டமிட்டுக் கரி எடுக்கும் தொழில் சுற்றியுள்ள கிராமங்களில் பரவியிருத்தலால் கரித்தூளும், குண்டு மிளகாய் விளையும் பிரதேசமாதலால் மிளகாய்க் களத்தின் நெடித்தூளும், பக்கத்துக் கடையின் எண்ணெய்ப் புகையும் ஒன்றுகூடிப் பிசின் போன்ற கறையாகின்றன. மாதத்துக்கு ஒருமுறை என்று விளக்க நூல் கூறினால், இங்கே பதினைந்து நாட்களுக்கொருமுறை மென்தூரிகையாலும் காற்றுக்குழலாலும் சுத்தம் செய்தல் தகும். தகடுகள் வளையாதபடி மேலிருந்து கீழாகத் துலக்க வேண்டும். இராமேசுவரம், மண்டபம், ஏர்வாடி முதலிய கரையோர ஊர்களில் புழுதிக்குப் பதில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். ஆங்கே நன்னீரால் அடிக்கடி கழுவுதலும், காப்புப் பூச்சிட்ட கண்டன்ஸரைக் கேட்டு வாங்குதலும் உசிதம்.

தண்ணீரின் உவர்ப்பு மற்றொரு பகை. கடினநீரிலுள்ள சுண்ணமும் பாலின் புரதமும் சேர்ந்து உலோகத்தின் மேல் வெண்மையான பால்கல்லாகப் படிந்து, கிருமிகளுக்கு உறைவிடமாகின்றன. சோப்புத்தூள் இந்நீரில் நுரைப்பதில்லை. மேலும் மேலும் அள்ளிப் போடுவதால் வீண்செலவே மிஞ்சும். காவிரிக் குடிநீரோ சுத்திகரித்த நீரோ கிடைக்குமாயின் கழுவுதற்கும் அதையே கொள்ளவேண்டும். வாரமொருமுறை அமிலக் கழுவுநீரால் பால்கல்லைக் கரைக்கவேண்டும். அன்றாடச் சுத்தத்தில் முதலில் வெதுவெதுப்பான நீரால் மீதிக் கலவையை அலசுக; எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவுதூளிட்ட சுடுநீரால் ஒவ்வோர் உறுப்பையும் தூரிகையிட்டுத் தேய்த்து, நல்ல நீரால் அலசி, பத்து லட்சத்தில் நூறு பங்கு குளோரின் கலந்த நீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுக. ரப்பர் வளையங்களுக்கு உணவுக்கு ஏற்ற மசகையே தடவவேண்டும். சமையல் எண்ணெய் ரப்பரை உப்பச் செய்துவிடும். சுரண்டும் அலகுகள் மழுங்கினால் உருளைச் சுவரில் உறைந்த படலம் தங்கி, கோனில் ஐஸ் நறநறக்கும். பால் பெட்டியின் குழாயைச் சாய்வாக, வால்வுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்கு மிகாமல் நறுக்குவதும், பை மாறுந்தோறும் குழாயையும் மாற்றுவதும் விதி. குளிரில் கிருமிகள் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை முழுதும் சரியன்று: லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்ப்பெட்டியிலும் பெருகவல்லது, 2015-இல் அமெரிக்காவின் புளூ பெல் நிறுவனத்து ஐஸ்கிரீமால் கான்சஸில் மூவர் மாண்டது அக்கிருமியினாலேயே.

குளிர்ச்சி குறைந்தவுடன் கடைக்காரர் வாயில் முதலில் வருவது “கேஸ் தீர்ந்துபோச்சு” என்பதே. எரிபொருளைப் போல அந்த வாயு செலவாவதன்று. மூடிய குழாய்க்குள் வருஷக்கணக்கில் சுற்றவேண்டியது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. சோப்பு நீர் தடவிக் குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டு அடைக்காமல் மேலும் வாயு ஏற்றுவது பணத்தை ஆகாயத்தில் விடுவதாகும். முற்காலத்து ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையை ஒட்டி விலக்கப்பட்டது. அதன் பின்வந்த ஆர்-134ஏ, ஆர்-404ஏ ஆகியன ஓசோனைத் தீண்டாவிடினும் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவை ஆயிரம் மடங்குக்கு மேல் விஞ்சுவன; அவற்றைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. இப்போது பரவிவரும் ஆர்-290 என்பது புரோபேன், அதாவது சமையல் கேஸின் உறவு. ஆகையால் அவ்வாறு எழுதிய யந்திரத்தின் குழாயைத் திறக்குமுன் வாயுவை வெளியேற்றி, நைட்ரஜனால் அலசிய பின்னரே பற்றவைக்கும் சுடரைக் கிட்டக் கொணர வேண்டும்.

விற்பவர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, ஐஸ்கிரீம் என்று வெறுமே வழங்கப்படுவதில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையலாகாது. ஒரு லிட்டரின் எடை 525 கிராமுக்குத் தாழலாகாது. பின்னது, காற்றை விற்றுக் காசாக்குவோருக்கு இட்ட அணை. தாவரக் கொழுப்பால் ஆனதை உறைந்த இனிப்பு என்றே சொல்லி விற்கவேண்டும்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கோன் ஐஸ் விற்பனை படுத்துவிடும். அக்காலத்தில் யந்திரத்தை வெறுமனே அணைத்துவிட்டுப் போகாமல், உறுப்புகளைக் கழற்றிக் கழுவி உலர்த்தி, ரப்பர் வளையங்களைத் தனியே பொதிந்து, பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி, கதவைச் சிறிது திறந்தபடி நிறுத்தி, அடிப்பாகத்தில் எலி புகாதவாறு வலை கட்டவேண்டும். பங்குனியில் மீண்டும் இயக்குமுன் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்து, கண்டன்ஸரைத் துலக்கி, ஒரு முழுநாள் கலவையின்றி ஓடவிட்டு, தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீரும் அதனுள் உஷ்ணமானியும் வைத்து, 4 டிகிரி காட்டிய பிறகே பாலை ஊற்றுதல் முறை.