முடிச்சவிழ்க்கியும் வழிப்போக்கரும்



தமிழில் முடிச்சவிழ்க்கி என்றொரு சொல் உண்டு. இன்று அதனை வசைச் சொல்லாக மட்டுமே கேட்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பிறப்பை எண்ணிப் பார்த்தால் ஒரு பழைய வாழ்க்கை முறையே கண்முன் எழும். சட்டைப்பை இல்லாத காலத்தில் வழிச்செல்வோர் காசைத் துணியின் முனையில் வைத்து முடிந்து இடுப்பிற் செருகிக்கொண்டனர். பெண்டிர் முந்தானையில் முடிந்துகொண்டனர். உடையவர் அறியாமல் அந்த முடிச்சை அவிழ்த்தவனுக்கே இப்பெயர் வந்தது. வடமொழியில் அவன் கிரந்திபேதகன், அதாவது முடிச்சைப் பிளப்பவன். ஆங்கிலேயர் பணப்பையை இடைக்கச்சையில் தொங்கவிட்டு நடந்த நாளில் அவனைப் பை அறுப்பவன் என்றனர். பின்னர்ப் பை உடைக்குள்ளே புகுந்தது. பை அறுப்பவனும் பைக்குள் கைவிடுபவனாக மாறினான். நாமும் ஜேப்படித் திருடன் என்று புதுப்பெயர் சூட்டினோம். பணம் இருக்கும் இடம் மாறுந்தோறும் கள்வனின் பெயரும் தொழிலும் மாறி வந்துள்ளன.

வழிப்போக்கர் தம் கைப்பொருளைக் காத்துக்கொள்ள மனித சமுதாயம் கண்ட வழிகளைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். இதனைச் சிறிய பொருளென்று எண்ண வேண்டா. செல்வர் ஒருவரின் பை பறிபோனால் அவர் ஒருநாள் வருந்துவார். கல்லூரிக் கட்டணத்தை முடிந்துகொண்டு பட்டணம் வரும் மாணவனின் பை பறிபோனால் அவனுடைய படிப்பே நின்றுபோகலாம். மாதக் கூலியுடன் ஊர் திரும்பும் தொழிலாளிக்கும் அப்படித்தான். இத்துன்பத்தைத் தடுக்க உலகம் இரண்டு நெறிகளைக் கையாண்டது. கள்வனைத் தண்டனையால் அச்சுறுத்துவது ஒன்று. பொருள் அவன் கைக்கு எட்டினாலும் அவனுக்குப் பயன்படாதபடி செய்வது மற்றொன்று. இவற்றுள் எது பயன் தந்தது என்பதை வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

முதல் நெறி மிகப் பழையது. கௌடலியரின் அர்த்தசாத்திரம், புண்ணியத் தலங்களில் திருடுவோரையும் முடிச்சவிழ்ப்போரையும் ஒருசேர வைத்துப் பேசுகிறது. முதற்குற்றத்துக்கு விரலைத் துண்டிக்க வேண்டும், அல்லது 54 பணம் தண்டம் வாங்க வேண்டும் என்பது அதன் விதி. யாத்திரிகர் கூடும் இடமே முடிச்சவிழ்க்கி கூடும் இடம் என்பதை அந்நூல் அன்றே உணர்ந்திருந்தது. மனுநூல் இன்னும் கடுமையானது. முதன்முறை விரல்கள், இரண்டாம் முறை ஒரு கையும் ஒரு காலும், மூன்றாம் முறை உயிர் என்று அது தண்டனையை வகுக்கிறது.

இத்தகைய கடுமை எவ்வளவு பயன் தந்தது என்று அறிய இங்கிலாந்தின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். அங்கே சட்டங்களும் கடிதங்களும் வழக்கு விவரங்களும் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன. 1565-ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், ஒரு சட்டம் பிறந்தது. ஒருவர் அறியாதபடி அவர் உடலிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேற்பட்ட பொருளைத் திருடினால் தூக்குத் தண்டனையே உண்டு என்றது அச்சட்டம்.

சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கழிந்தன. 1585-ஆம் ஆண்டில் இலண்டன் நகர நீதிபதி வில்லியம் பிளீட்வுட் என்பவர் அமைச்சர் பர்லி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தேம்ஸ் நதிக்கரையில் பில்லிங்ஸ்கேட் என்னும் பகுதியில் உட்டன் என்பவன் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறான் என்று அதிற் குறித்தார். அஃது எழுத்தறிவிக்கும் பள்ளியன்று. சிறுவர்களுக்குத் திருட்டுக் கற்பிக்கும் பள்ளி! சட்டைப்பை ஒன்றும் பணப்பை ஒன்றும் அங்கே தொங்கவிடப்பட்டிருந்தன. இரண்டையும் சுற்றிச் சிறு மணிகள் கட்டப்பட்டிருந்தன. மணி ஒலிக்காமல் சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்தவனுக்கு ஒரு பட்டம். பணப்பையிலிருந்து வெள்ளிக் காசை எடுத்தவனுக்கு அதனினும் உயர்ந்த பட்டம். தூக்குமரத்தின் நிழலிலேயே இப்பள்ளி தழைத்தது என்பதை நீங்கள் கருத வேண்டும். ஆலிவர் டுவிஸ்ட் என்னும் நாவலைப் படித்த மாணவர்களுக்கு, சிறுவர்க்குத் திருட்டுப் பழக்கும் கிழவன் பேகின் இப்போது நினைவுக்கு வரலாம். அந்நாவல் 1837-இல் வெளிவரத் தொடங்கியது. உட்டனுக்கும் பேகினுக்கும் இடையே இருநூற்றைம்பது ஆண்டுகள், தொழிலோ மாறவில்லை.

அத்தொழிலின் நுட்பத்தை 1591, 1592-ஆம் ஆண்டுகளில் இராபர்ட் கிரீன் என்னும் எழுத்தாளர் சிறு நூல்களாக எழுதி மக்களை எச்சரித்தார். கத்தியால் பையை அறுப்பவனையும் விரலால் பையைத் துழாவுபவனையும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். அவர்கள் தனித்து வேலை செய்வதில்லை. ஒருவன் வழியை மறிப்பான் அல்லது இடிப்பான், மற்றொருவன் எடுப்பான், எடுத்ததை மூன்றாமவன் கைக்கு உடனே மாற்றிவிடுவான். ஆகவே பிடிபட்டவனிடம் சோதித்தாலும் பொருள் கிடைக்காது.

இவற்றினும் வியப்பான தந்திரம் ஒன்று உண்டு. பென் ஜான்சன் என்னும் நாடகாசிரியர் 1614-ஆம் ஆண்டில் அரங்கேறிய தம் பார்த்தலோமியூ சந்தை என்னும் நாடகத்தில் அதனைக் காட்டுகிறார். சந்தையில் பாட்டுக்காரன் ஒருவன், பை அறுப்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்ற கருத்தமைந்த பாட்டையே பாடுகிறான். கேட்பவர் மெய்ம்மறந்து நிற்கையில் அவனுடைய கூட்டாளி பையை எடுத்துவிடுகிறான். எச்சரிக்கையே இங்குத் தூண்டிலாயிற்று! திருடர் ஜாக்கிரதை என்று யாரேனும் கூவினால், அல்லது அவ்வாறு எழுதிய பலகை கண்ணிற் பட்டால், நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? கை தானாகவே பணம் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது. பணம் எங்கே உள்ளது என்பதை நாமே கள்வனுக்குச் சுட்டிக்காட்டி விடுகிறோம்.

ஓவியரும் இதனைக் கண்டிருந்தனர். நெதர்லாந்து ஓவியர் ஹீரோனிமஸ் போஷ் அல்லது அவருடைய பட்டறையைச் சேர்ந்தவர் வரைந்ததாகக் கருதப்படும் பழைய படம் ஒன்று பிரான்சு நாட்டில் உள்ளது. செப்படி வித்தைக்காரன் கிண்ணமும் பந்தும் வைத்து வித்தை காட்டுகிறான். ஒருவர் குனிந்து வாய் பிளந்து பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவன் ஒன்றும் அறியாதவன் போல் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, கையால் அவருடைய பணப்பையை எடுக்கிறான். பல நூல்கள் கூறும் செய்தி இவ்வொரு படத்தில் அடங்கிவிட்டது. பொருள் போகுமுன் நம் கருத்துப் போய்விடுகிறது என்பதே அச்செய்தி. இப்படமே 1978-ஆம் ஆண்டில் திருட்டுப்போய்ப் பின்னர் மீட்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை.

தூக்குத் தண்டனை என்னவாயிற்று? பத்துப் பன்னிரண்டு வெள்ளிக் காசுக்காக ஓர் உயிரைப் போக்க ஜூரிகளின் மனம் ஒப்பவில்லை. திருடப்பட்ட பொருளின் விலை பத்துப் பென்னிதான் என்று வேண்டுமென்றே குறைத்துக் கூறி உயிரைக் காத்தனர். பொருளை இழந்தவர்களும் வழக்குத் தொடுக்கத் தயங்கினர். கனவான் வேடத்தில் நாடக அரங்குகளிலும் பந்தய வெளிகளிலும் திருடிய ஜார்ஜ் பாரிங்டன் என்பவன் பலமுறை பிடிபட்டும் தூக்குக்குத் தப்பினான். 1790-ஆம் ஆண்டில் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டான். அங்கே மன்னிப்புப் பெற்று 1796-இல் பாரமட்டா என்னும் ஊரில் காவல் தலைவனாகவே அமர்ந்தான்! கடுமையான தண்டனையைவிடத் தப்பாமல் வரும் தண்டனையே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அக்கருத்தைப் போற்றிய சாமுவேல் ரோமில்லியின் முயற்சியால் 1808-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு இந்தத் தூக்குத் தண்டனையை நீக்கியது. அதன்பின் வழக்குகள் பெருகின. திருட்டுப் பெருகிவிட்டது என்றனர் எதிர்த்தோர். இழந்தவர்கள் இப்போதுதான் தயங்காமல் நீதிமன்றம் வருகின்றனர் என்று விடையிறுத்தார் ரோமில்லி.

இனி இரண்டாம் நெறிக்கு வருவோம். தண்டனை தோற்ற இடத்தில் வணிகரின் அறிவு வென்றது. சீன நாட்டில் தாங் மரபினர் ஆட்சியில், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பறக்கும் பணம் என்றொரு முறை தோன்றியது. செப்புக் காசுச் சரங்கள் பளுவானவை. வழியில் கொள்ளையர் அச்சமும் உண்டு. ஆகவே வணிகர் தலைநகரில் காசைக் கட்டிச் சீட்டுப் பெற்றனர். சீட்டு இரண்டாக வெட்டப்பட்டது. இரு பாதியும் பொருந்தினால்தான் மாகாணத்தில் பணம் கிடைக்கும்.

நம் நாட்டில் இப்பணியைச் செய்தது உண்டி. தமிழர் இதனை உண்டியல் என்றனர்; நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா வரையில் உண்டியலால் பணம் செலுத்தினர். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி ஓலை பெற்றுக்கொண்டு, வேற்றூரில் அதனைக் காட்டிப் பணம் பெறுவதே இம்முறை. துவாரகைக்குச் சென்ற யாத்திரிகர் சிலர் வழியிற் கள்வருக்கு அஞ்சி, குஜராத்தின் பக்தகவி நரசி மேத்தாவிடம் உண்டி கேட்டனர் என்றும், கண்ணனே செட்டியாராக வந்து அதற்குப் பணம் கொடுத்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், யாத்திரைக்குக் கைப்பணம் ஆகாது, உண்டியே ஏற்றது என்னும் வழக்கத்தை அது காட்டுகிறது. உண்டியில் ஷா ஜோக் என்பது ஒரு வகை. கடைத்தெருவில் நன்மதிப்புள்ள வணிகர் வழியாக வந்தால்தான் அதற்குப் பணம் கிடைக்கும். திருடன் அவ்வோலையைத் திருடலாம். நன்மதிப்பை எங்கே திருடுவான்? மூல ஓலை தொலைந்தால் இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் மூன்றாம் படியும் எழுதித் தருவர். பணமோ ஒரு முறைதான் வழங்கப்படும்.

ஐரோப்பாவிலும் இதே கருத்து வளர்ந்தது. இலண்டன் வங்கியாளர் இராபர்ட் ஹெரீஸ் 1770-களில், நாடு சுற்றுவோருக்குப் பல நகரங்களிற் செல்லும் வங்கிச் சீட்டுகளை வழங்கினார். பயணியின் கையெழுத்து வேறொரு கடிதத்தில் இருக்கும். சீட்டும் கடிதமும் சேர்ந்தாலன்றிப் பணமில்லை. இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர் என்பதே இம்முறையின் உயிர்நிலை. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மார்செலஸ் பெர்ரி இதனை மேலும் எளிதாக்கினார். பயணக் காசோலையை வாங்கும்போது ஒரு கையெழுத்து, செலவிடும்போது மறு கையெழுத்து. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். தொலைந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கள்வன் கையில் அது வெறுங்காகிதம்.

இன்று பயணக் காசோலை அருகிவிட்டது. அட்டையும் கைப்பேசியும் அதன் இடத்தைப் பிடித்தன. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு முதல் யூபிஐ முறையில் கைப்பேசி வழியே பணம் செலுத்தி வருகிறோம். அதில் நாம் இடும் இரகசிய எண், அன்றைய இரண்டாம் கையெழுத்தின் வழித்தோன்றலே. எனவே அந்த எண்ணை அட்டையின் பின்புறம் எழுதி வைப்பவர், சீனச் சீட்டின் இரு பாதியையும் ஒரே முடிச்சில் வைப்பவர் ஆவார். முடிச்சவிழ்க்கியும் காலத்துக்கேற்ப மாறிவிட்டான். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று தொலைபேசியில் அழைத்து, இரகசிய எண்ணைக் கேட்கிறான். முன்பு அவன் நம் முடிச்சை அவிழ்த்தான். இப்போது நம்மையே அவிழ்க்கச் சொல்கிறான்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாறு உங்கள் அடுத்த பயணத்துக்குத் தரும் துணை இதுதான். பேருந்தில் ஏறும் நொடியே ஆபத்தான நொடி. அப்போது இரு கையும் கம்பியிலும், கண்ணும் கருத்தும் இருக்கையிலும் இருக்கும். ஏறுமுன்பே பணத்தை உட்பையில் வைத்துவிடுங்கள். வழிச்செலவுக்குரிய சிறு தொகையை வேறாக வையுங்கள். பெருந்தொகையைக் கூட்டத்தில் எடுத்து எண்ணாதீர்கள். கூச்சலோ சண்டையோ எழுந்தால் பையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். அவ்விடத்தை விட்டு விலகுங்கள். கைப்பேசிக்குப் பூட்டு இடுங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

இவ்வளவும் செய்தபின் உடன் வருவோரையெல்லாம் ஐயுற வேண்டியதில்லை. உண்டி செல்லுபடியானது, முன்பின் காணாத வணிகரிடையே நாணயம் இருந்ததால் அன்றோ? பக்கத்து இருக்கைக்காரரின் மூட்டையைத் தூக்கி வைக்க உதவுங்கள். அவரோடு பேசிக்கொண்டும் செல்லுங்கள். உங்கள் பணம் உட்பையில் பத்திரமாக இருக்கட்டும்.