விரல்கள் எழுதிய வரலாறு

பார்வையற்றோர் கல்வியின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் நிறுவனர்களையும் கொடையாளர்களையுமே நினைவுகூர்கின்றனர். மாணவர்களோ அவ்வரலாற்றில் பெறுபவர்களாக மட்டுமே தோன்றுகின்றனர். பாரிஸ் நகரின் பார்வையற்ற இளைஞர் பள்ளியோ வேறொரு வரலாற்றைச் சொல்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலந்தீன் அவுயி நிறுவிய அப்பள்ளியில், வழக்கமான எழுத்துகளையே தாளில் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்கும் நூல்களை உருவாக்கினர். நூல்கள் பருத்தவை, படிப்பதும் மெதுவே. அனைத்திற்கும் மேலாக, அம்முறையில் மாணவன் பிறர் தந்ததைப் படிக்கலாம். தன் மனத்தில் உள்ளதைத் தானே எழுதி வைக்க அதில் எளிய வழியில்லை.

1819இல் அங்கு வந்து சேர்ந்தான் பத்து வயதுச் சிறுவன் லூயி பிரெயில். கூப்வ்ரே என்னும் சிற்றூரில், சேணம் செய்யும் தந்தையின் பட்டறையில் மூன்று வயதில் கூரிய கருவி கண்ணில் பட்டு, பின்னர் இரு கண்களிலும் பார்வை இழந்தவன். அவனுக்குத் தொடக்கத்தில் கற்பித்தவர் அவ்வூர்ப் பங்குத்தந்தை பல்லுயி அடிகளார்.

சார்ல் பார்பியே என்னும் முன்னாள் படை அலுவலர், பன்னிரு புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றை அப்பள்ளிக்குக் கொணர்ந்தார். அம்முறை சொற்களின் எழுத்துக்கோவையைக் காட்டவில்லை. ஒரு குறி விரல் நுனிக்குள் அடங்கவுமில்லை. இக்குறைகளை உணர்ந்தவை மாணவரின் விரல்களே. பிரெயில் புள்ளிகளை ஆறாகச் சுருக்கினான். 1824இல், பதினைந்து வயதில், அவனது முறை அடிப்படை வடிவம் பெற்றது. 1829இல் நூலாக வெளிவந்தது.

பள்ளி அதனை எளிதில் ஏற்றுவிடவில்லை. 1840இல் இயக்குநர் பொறுப்பேற்ற துபோ அதற்குத் தடை விதித்தார். பார்வையுள்ளோர் படிக்க இயலாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்தினின்று பிரித்துவிடும் என்பது எதிர்த்தோர் வாதம். அது நல்லெண்ணத்திலேயே பிறந்திருக்கலாம். ஆயினும் விரலால் படிப்பவர்க்கு எது ஏற்றது என்று முடிவு செய்தவர்கள் கண்ணால் படிப்பவர்கள்! மாணவர்களோ மறைவாக எழுதினர், ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். துணை இயக்குநர் குவாதேயின் ஆதரவும் சேர, தடை தளர்ந்தது. 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை பொதுமக்கள் முன் செய்துகாட்டப்பட்டது. 1852இல் பிரெயில் மறைந்தார்; 1854இல் பள்ளி அவரது முறையை முறைப்படி ஏற்றது. 1951இல் உருவான பாரதி பிரெயில் முறையில் நம் தமிழும் அந்த ஆறு புள்ளிகளுக்குள் அமைந்துள்ளது.

தேர்ந்தெடுத்தல், குறிக்கோள் வகுத்தல், வேண்டிய உதவியைத் தானே கேட்டல், வேண்டாததை மறுத்தல் ஆகியவற்றை மாற்றுத்திறன் மாணவர்க்குப் பள்ளிப் பருவத்திலேயே பயிற்ற வேண்டும் என்று இன்றைய கல்வியாளர் வலியுறுத்துகின்றனர். தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கும் உரிமை இக்குழந்தைகளுக்கு உண்டென 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் கூறுகிறது. பாரிஸ் மாணவர்கள் எச்சட்டத்தின் துணையுமின்றி அவ்வுரிமையைக் கையாண்டனர்.

நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் இக்குழந்தைகள்மேல் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் பாடம், எந்தக் கருவி, யாருடைய துணை என்பவற்றை முடிவு செய்யும்போது அவர்களையும் கேட்கிறோமா? அவர்கள் தரும் விடை நம் விருப்பத்திற்கு மாறாக இருந்தால், அப்போதும் செவிமடுக்கிறோமா? அன்புடையோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இவை.