கண்காணிப்பின் வரலாறு: கொங்கு நாட்டு ஆலைகளும் பெண் தொழிலாளரும்

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தைச் சேர்ந்த சென்னிமலை, முருகன் கோயிலாலும் கைத்தறிப் போர்வைகளாலும் பெயர் பெற்ற ஊராகும். வீட்டுத் தறிகளைச் சார்ந்து வாழும் இவ்வூரைச் சுற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நூற்பாலைகளும் பின்னலாடைத் தொழிற்கூடங்களும் பரந்து கிடக்கின்றன. பருத்தித் தொழிலின் இவ்விரு முகங்களிலும் பெண்களின் உழைப்பே அடித்தளமாக இருந்தபோதிலும், அவர்கள்மீது நிகழும் வன்முறையைத் தடுக்க அரசு செய்தவை நிறைவேறினவா என்பதைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் மிகத் தாமதமாகவே உருவாயின. அவற்றின் வரலாற்றை ஆராய்ந்தால், சட்டங்கள் இல்லாமையைவிட, கண்காணிப்போருக்குச் செய்தி யாரிடமிருந்து வந்தது என்பதே பெண்களின் பாதுகாப்பைத் தீர்மானித்தது என்பது புலனாகும்.

கைத்தறி நெசவில் வீடே தொழிற்கூடமாகும். ஆண் தறிக்குழியில் அமர்ந்து நெய்ய, பெண் இராட்டையில் தார் சுற்றுவதும், அதாவது ஊடை நூலை நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் சுற்றித் தருவதும், பாவு வேலைக்குக் கைகொடுப்பதும் வழக்கம். இவ்வுழைப்பு குடும்பக் கடமையாகவே கருதப்பட்டதால் அதற்குத் தனிக்கூலி பெரும்பாலும் இருந்ததில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் அந்த வாசலை மிதிக்கவேண்டிய தேவையும் எழவில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் குற்றத்தை வரையறுத்ததே தவிர, வீட்டுக்குள் நிகழும் வன்முறையைப் பதிவு செய்யும் பொறுப்பை எந்த அலுவலருக்கும் தரவில்லை. 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே அக்குறையைத் தீர்க்க முனைந்தது. உடலுக்கு இழைக்கும் தீங்கோடு, பெண்ணுக்கு உரிய பணத்தையும் பொருளையும் மறுப்பதையும் வன்முறையாகக் கொண்ட அச்சட்டம், புகாரை அறிக்கையாக்கி நீதித்துறை நடுவரிடம் அளிக்கும் கடமையைப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்தது.

ஆலைகளின் கதை வேறு. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையுடன் கோவையில் தொடங்கிய இயந்திர நூற்பு, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் விரைந்து பெருகியது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இரவு நேரத்தில் பெண்களை ஆலையில் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. அத்தடை பெண்ணின் வேலை உரிமையைப் பறிக்கிறது என்று கூறி, சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அதோடு பாதுகாப்பு நிபந்தனைகள் பலவற்றையும் விதித்தது. இரவு முறையில் பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகவே அமர்த்தவேண்டும், பெண் காப்பாளர்கள் இருக்கவேண்டும், பாலியல் தொல்லைகளைத் தடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பவை அவற்றுட் சில. இரவு வேலை பார்ப்போர் விவரத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை முதலாளியே தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பவேண்டும் என்பதும், அசம்பாவிதம் நிகழ்ந்தால் ஆய்வாளருக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தெரிவிக்கவேண்டும் என்பதும் பிற நிபந்தனைகளாகும். நல்ல நோக்கம் கொண்ட இவ்வேற்பாட்டின் பெருங்குறை, கண்காணிக்கப்படவேண்டியவரே செய்தி தருபவராகவும் அமைந்ததுதான்.

இக்குறையின் விளைவு சுமங்கலித் திட்டத்தில் வெளிப்பட்டது. தென்மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து, பதின்ம வயதைக் கடக்காத பெண்களைத் தரகர்கள் வழியாக அழைத்துவந்து, மூன்றாண்டுகள் பயிலுநர் என்ற பெயரில் ஆலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு தொகையைத் திருமணச் செலவுக்கு வழங்கும் முறையே அது. சட்டம் தடை செய்த வரதட்சணையே அங்கே வேலைக்கு இழுக்கும் தூண்டிலாகப் பயன்பட்டது. இடையில் விலகினால் சேர்ந்த தொகை கைக்கு வராது என்ற அச்சத்தால், மேற்பார்வையாளரின் வசவையும் தொடுதலையும் சகித்துக்கொண்டு, பெண்கள் ஓயாமல் நடந்து அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தனர். விடுதி வாயிலில் காவலர் இருந்தார்; வெளியே செல்லவும், வீட்டாரோடு தொலைபேசியில் பேசவும் கட்டுப்பாடு இருந்தது.

தமிழக அரசு 2008 நவம்பரில் நூற்பாலைப் பயிலுநருக்கு நாளொன்றுக்கு 110 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக நிர்ணயித்தது. ஆயினும் ஊதிய ஆணை விடுதிச் சுவருக்குள் நடந்தவற்றைக் காட்டவில்லை. 2011இலும் 2014இலும் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் இந்தியக் குழு என்ற அமைப்பும் வெளியிட்ட அறிக்கைகள் உலகின் கவனத்தை இப்பகுதியின்மேல் திருப்பின. அவற்றுக்கு ஆதாரம் ஆலை நிர்வாகத்தின் பதிவேடுகள் அல்ல, பெண் தொழிலாளரின் வாய்மொழியே. 2014இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டம், விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

இதற்கிடையே, உச்சநீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பின் வழிவந்த 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருவகைக் குழுக்களை ஏற்படுத்தியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமையவேண்டும். அதற்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்துக்கும், முதலாளியின்மீதே எழும் புகாருக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு அமையவேண்டும். சிறு தறிக்கூடங்கள் நிறைந்த சென்னிமலை போன்ற ஊர்களில் கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டாவது குழுவே புகலிடம். ஆனால் சட்டம் பிறந்து பதினோராண்டு கழிந்தபின்னும், மாவட்ட அலுவலர்களை 2024 டிசம்பர் 31க்குள் நியமிக்கவேண்டும், உள்ளூர்க் குழுக்களை 2025 ஜனவரி 31க்குள் அமைக்கவேண்டும் என உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்குக் காலக்கெடு விதிக்கவேண்டியிருந்தது. குழுவே இல்லாத மாவட்டத்தில் புகார் இல்லை என்று ஏட்டில் பதிவானால், அது பெண்களின் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

கண்காணிப்பைத் தொழிலாளரின் கையிலேயே கொடுத்த முயற்சி 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தமாகும். 2021இல் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டத்தின் பயனாக, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், அத்தொழிற்சாலைக்கு உரிய, திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், அதனிடம் ஆடை வாங்கும் எச்&எம் நிறுவனமும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடுகளைச் செய்துகொண்டன. அவற்றின்படி, 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், சங்கம் தேர்ந்தெடுத்த பெண்கள் தத்தம் வேலைத் தளத்திலேயே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளராயினர். புகார் அளித்தவரைப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டது.

முதலாளி எழுதி அனுப்பிய அறிக்கையில் தொடங்கி, உடன் வேலை செய்யும் பெண்ணிடம் வந்து சேர்ந்த இப்பயணம் இருபதாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதுவும் சில ஆலைகளோடு நின்றிருக்கிறது. தொழிற்சாலை ஆய்வாளரும், பாதுகாப்பு அலுவலரும், உள்ளூர்க் குழுவும் தம் பணியின் முதற்சான்றாகப் பெண் தொழிலாளரின் சொல்லைக் கொள்வதும், எத்தனை புகார்கள் வந்தன, அவற்றின்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை ஆண்டுதோறும் மாவட்ட மக்கள் அறிய வெளியிடுவதும் அரசு உடனே செய்யத்தக்கவை. தனித்து நின்று புகார் சொல்லும் துணிவை ஒரு தறிக்கூடப் பெண்ணிடம் எதிர்பார்க்கும் அரசு, அவள் சொன்னபின் என்ன செய்தது என்பதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளது.