நெசவாளர் குடும்பங்களும் பள்ளி வருகை விதிகளும்

பள்ளி வருகை விதிகள் என்பவை, பள்ளியில் சேர்ந்த குழந்தை வேலை நாட்களில் வகுப்புக்கு வருவது, வராத நாட்களுக்குக் காரணம் தெரிவிப்பது, நீண்ட நாட்கள் வராதபோது பள்ளியும் அரசும் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள் ஆகியவற்றை வரையறுக்கும் சட்டங்களும் நடைமுறைகளும் ஆகும். தமிழ்நாட்டில் இவ்விதிகளின் வரலாறு குழந்தைத் தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றோடு இணைந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் குழந்தையைத் தொழிலாளர் ஆய்வாளர் நேரில் சென்று கண்டறிய முடியும். வீட்டுக்குள்ளேயே தறி அமைந்துள்ள ஊரில் அது எளிதன்று. அத்தகைய ஊர்களில் ஒரு குழந்தை வேலையில் அமர்த்தப்பட்டிருக்கலாம் என்பதை வெளிக்காட்டும் முக்கிய ஆவணமாகப் பள்ளியின் வருகைப் பதிவேடு விளங்குகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஆரணியும் பட்டு நெசவும்

ஆரணி, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள நகரமாகும். முன்னர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த இந்நகரம், 1989-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. நகரிலும், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் பட்டுச் சேலை நெசவு முக்கியத் தொழிலாகும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

கைத்தறி நெசவு பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே நடைபெற்று வருகிறது. தறியில் அமர்பவர் ஒருவராக இருந்தாலும், அவருக்கு முன்னும் பின்னும் பல வேலைகள் உள்ளன. நூலைச் சிக்கெடுத்தல், ராட்டையில் தார் சுற்றுதல், பாவு நீட்டுதல், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைத்தல் ஆகியவை அவற்றுள் சில. சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற ஊடைகளால் நெய்து இணைக்கும் கோர்வை முறையில், நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து நாடா தள்ள மற்றொருவர் தேவைப்படுவார். இவ்வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியனவாகக் கருதப்பட்டன.

நெசவாளர் பலர் முதலாளிகளிடமிருந்து பாவும் பட்டு நூலும் பெற்று, சேலைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நெய்பவர்கள். சேலை எவ்வளவு விரைவில் முடிகிறதோ அவ்வளவு விரைவில் கூலி கிடைக்கும். எனவே கூலியாளுக்குப் பணம் கொடுக்க இயலாத குடும்பம், பள்ளி செல்லும் பிள்ளையை ஓரிரு நாள் நிறுத்திக்கொள்வது இத்தொழிலின் அமைப்பிலேயே உள்ள ஒரு தூண்டுதலாகும்.

வரலாறு

பள்ளி வருகைக்கும் நெசவுக்கும் இடையிலான மோதல் ஆரணிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் வேலை செய்த சிறுவர்கள் நாளின் ஒரு பகுதியில் ஆலையிலும் மறு பகுதியில் பள்ளியிலும் இருக்கும் அரை நேர முறையை ஏற்படுத்தியது. 1880-இல் பள்ளி வருகை கட்டாயமாக்கப்பட்ட பின்னரும் லங்காசயர் பகுதி நெசவு நகரங்களில் இம்முறை நீடித்தது. 1918-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே இதற்கு முடிவு கட்டியது.

சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளில் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்த வழி செய்தது. 1953-இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். இதன்படி பள்ளி நேரம் நாளொன்றுக்கு 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் எனக் கருதப்பட்டது. நெசவாளர் பிள்ளை நெசவாளராகவே இருக்க வழி வகுப்பதாகக் கூறி, பெரியார் ஈ. வெ. இராமசாமியும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் இதனைக் "குலக்கல்வித் திட்டம்" என அழைத்து எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின்னர் இத்திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின்னர் அரசின் அணுகுமுறை, பள்ளி நேரத்தைக் குறைப்பதிலிருந்து பள்ளிக்கு வருவதை ஊக்குவிப்பதற்கு மாறியது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1982-இல் முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் இதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பர் 15 அன்று அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2023 ஆகத்து மாதம் இது மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. விடியற்காலையிலேயே தறி வேலை தொடங்கும் வீடுகளில் காலைச் சமையல் தாமதமாவது வழக்கம் என்பதால், காலை வகுப்புக்குக் குழந்தை வருவதற்கு இத்திட்டம் துணைபுரியக்கூடியதாகும்.

தற்போதைய சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 86-ஆவது திருத்தம் (2002) 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பளிப்பதும் அதே திருத்தத்தால் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இவ்வுரிமையைச் செயற்படுத்தும் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தில் வருகை தொடர்பான முக்கிய விதிகள் பின்வருமாறு:

• தம் எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குழந்தையின் சேர்க்கை, வருகை, தொடக்கக் கல்வி நிறைவு ஆகியவற்றை உறுதி செய்து கண்காணிப்பது அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கடமை.
• ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்து, குழந்தையின் வருகை ஒழுங்கையும் கற்றல் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும்.
• தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது.
• உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே வராத நாளுக்காகக் குழந்தையை அடிக்கவோ அவமானப்படுத்தவோ இயலாது.
• பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும்.
• கல்வியாண்டில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 200 வேலை நாட்களும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும்.

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்று இச்சட்டம் கூறினாலும், அதனை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. இது சில நாடுகளின் அணுகுமுறையிலிருந்து வேறுபட்டதாகும். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் அனுமதியின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. 2024 ஆகத்து முதல் அத்தொகை 80 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

விடுப்பு

கல்வி உரிமைச் சட்டம் எந்தெந்தக் காரணங்களுக்கு விடுப்பு எடுக்கலாம் எனப் பட்டியலிடவில்லை. நடைமுறையில், பெற்றோர் கையெழுத்திட்ட விடுப்புக் கடிதம் வகுப்பாசிரியரிடம் அளிக்கப்படுகிறது. நோய், குடும்பத்தில் இறப்பு, திருமணம், கோவில் திருவிழா ஆகியவை வழக்கமாகக் குறிப்பிடப்படும் காரணங்களாகும். நீண்ட நோய்க்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுவதுண்டு. மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை விடுப்பில் சேராது. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்துக்கு அறிவிக்கப்படும் விடுமுறை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகளில் வருகை விழுக்காடு முக்கியத்துவம் பெறுகிறது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ) 10, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 75 விழுக்காடு வருகையைக் கட்டாயமாக்கியுள்ளது. நீண்ட நோய், தாய் அல்லது தந்தையின் இறப்பு, தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்பு முதலிய காரணங்கள் உரிய சான்றுகளுடன் காட்டப்பட்டால், குறைந்த வருகையை வாரியம் மன்னிக்க இயலும். தறியில் உதவி செய்தல் இத்தகைய காரணங்களில் ஒன்றாக இடம்பெறவில்லை.

விடுப்புக் கடிதம் ஒரு சடங்கு போலத் தோன்றினாலும், அதற்கு ஒரு பயன் உண்டு. காரணம் தெரிவித்து வராத குழந்தையையும், ஏதும் தெரிவிக்காமல் வராத குழந்தையையும் அது வேறுபடுத்திக் காட்டுகிறது. சட்டத்தின் கண்காணிப்பு முறைகள் இந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டவை.

குடும்பத் தொழில் விலக்கு

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்தல்) சட்டம், துணி நெசவையும் அதற்கு முற்பட்ட வேலைகளையும் 14 வயதுக்குட்பட்டோர் செய்யக் கூடாத செயல்முறைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் உரிமையாளர் தம் குடும்பத்தினரின் உதவியுடன் நடத்தும் தொழிற்கூடத்துக்கு இத்தடை பொருந்தாது என்று அச்சட்டம் விலக்கு அளித்தது. இதனால், அடுத்த வீட்டுத் தறியில் குழந்தை வேலை செய்வது குற்றமாகவும், தன் வீட்டுத் தறியில் வேலை செய்வது குற்றமற்றதாகவும் அமைந்தது. முன்பணம் பெற்று வேறொருவர் தறிக்கு அனுப்பப்பட்ட குழந்தையையும் உறவினர் எனக் கூறி மறைக்க இது இடமளித்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு நெசவுப் பகுதிகளின் நிலையை விவரித்தது.

2016-ஆம் ஆண்டின் திருத்தம், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை எல்லாத் தொழில்களிலும் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. எனினும், ஆபத்தானவை எனப் பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ குழந்தை உதவலாம் என்ற விலக்கு நீடித்தது. 2017-இல் வெளியான விதிகள் இவ்விலக்குக்கு எல்லை வகுத்தன. பள்ளி நேரத்திலும், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரையிலும் குழந்தை உதவக் கூடாது. ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் உதவக் கூடாது. அந்த உதவி குழந்தையின் கல்வியைப் பாதிக்கக் கூடாது.

நீண்ட நாள் வராமை

அதே 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு குழந்தை தலைமை ஆசிரியருக்குத் தெரிவிக்காமல் தொடர்ந்து 30 நாட்கள் வராவிட்டால், அவர் அதனைச் சட்டச் செயலாக்கத்துக்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இவ்விதியின் மூலம் பள்ளியின் வருகைப் பதிவேடு தொழிலாளர் சட்டத்தின் கருவியாகவும் ஆனது.

கல்வித் துறை கணக்கெடுப்புகளில், முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து 45 நாட்களோ அதற்கு மேலோ வராத குழந்தையைப் பள்ளிசாராக் குழந்தையாகக் கொள்ளும் வரையறை நடுவண் அரசால் பயன்படுத்தப்பட்டுள்ளது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கென 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிறப்புப் பள்ளிகளை நடத்தியது. 2021-இல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

விமர்சனங்கள்

இவ்விதிகளின் முதன்மையான குறைபாடு, அவை தொடர்ச்சியான வராமையை மட்டுமே கணக்கில் கொள்வதாகும். வாரத்தில் இரண்டு நாட்கள் தறிக்கும் மற்ற நாட்கள் பள்ளிக்கும் செல்லும் குழந்தை 30 நாள் வரம்பை ஒருபோதும் எட்டாது. பதிவேட்டில் பெயர் இருக்கும். பாடம் மட்டும் விடுபட்டுக்கொண்டே போகும். இதனை நாள்தோறும் பதிவேட்டைக் கையாளும் வகுப்பாசிரியரே முதலில் அறிய முடியும். உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினர் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவும் இதில் உதவ இயலும்.

மறுபுறம், வறுமையில் உள்ள நெசவாளரைத் தண்டிப்பதால் குழந்தை பள்ளிக்குத் திரும்பிவிடாது என்பது, பெற்றோருக்கு அபராதம் விதிக்காத அணுகுமுறையை ஆதரிப்போரின் கருத்தாகும். நியாயமான நெசவுக் கூலி, முன்பணக் கடனிலிருந்து விடுதலை, பள்ளியில் உணவு ஆகியவை வருகையை உயர்த்தும் வழிகளாக அவர்களால் முன்வைக்கப்படுகின்றன. நெசவுத் தொழிலைக் காப்பதும் நெசவாளர் பிள்ளையின் படிப்பைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பத்தாம் வகுப்பையோ பட்டப் படிப்பையோ முடித்தவரும் விரும்பினால் தறியில் அமரலாம். பள்ளியை இடையில் விட்டவருக்கு அவ்வாறு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.