தென்புலத்தார்

தென்புலத்தார் என்பது இறந்துபோன முன்னோரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 'புலம்' என்றால் நிலம், இடம். ஆகவே தெற்கில் உறைபவர் என்பது நேர்ப்பொருள். மாண்டவர் தெற்கே போய்ச் சேர்கிறார்கள் என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர் இது. வேத மரபிலும் யமனுக்கும் பிதிரர் எனப்படும் முன்னோர்க்கும் உரிய திசை தெற்குதான். ஆனால் 'தென்புலம்' பாண்டிய நாட்டையும் குறிக்கும். பூதப்பாண்டியன் பாடிய புறநானூறு 71ஆம் பாடலில் அது உயிரோடிருப்பவர் ஆளும் மண்.

சங்க இலக்கியத்தில் முன்னோர் தெற்கில் உறைகிறார்கள் என்ற கருத்தைத் தெளிவாகக் காட்டுவது புறநானூறு 9. பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புலவர் நெட்டிமையார், போருக்கு முன் அவன் யார் யாரைப் பாதுகாப்பான இடம் தேடிப் போகச் சொன்னான் என்று கூறுகிறார். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், பிணியுற்றோர் ஆகியோருடன், தென்புலத்தில் வாழ்வோர்க்குக் கடன் செய்யும் புதல்வரை இன்னும் பெறாதவரும் அவர்களில் அடங்குவர். கால்வழி அறுந்தால் முன்னோர்க்குச் செய்ய ஆளிராது என்ற கவலை போர்முறைக்குள்ளேயே நுழைந்திருக்கிறது.

திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் (குறள் 43) இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை முதலில் நிறுத்துகிறது. தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்பன அதற்குப் பின்னரே. உரையாசிரியர் பரிமேலழகர் இங்கே ஒரு கணக்குச் சொல்கிறார்: விளைவில் ஆறில் ஒரு பங்கே அரசனுக்கு வரியாயிற்று, ஏனெனில் மற்ற ஐந்து பங்கும் இந்த ஐவர்க்கு வேண்டும். தென்புலத்தார் யார் என்பதற்கு அவர் தரும் விளக்கம் வேறு வகையானது. படைப்புக் காலத்தில் அயனால் (பிரமனால்) படைக்கப்பட்ட கடவுட்சாதி என்கிறார். புறநானூற்றுச் சான்று இதற்கு இசைவாக இல்லை. பிள்ளை பிறந்தால்தான் கடன் நிறைவேறும் என்றால், அவர்கள் அந்தந்தக் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

கடல்கொண்ட குமரிநாடு தெற்கே இருந்ததால் இப்பெயர் வந்தது என்று இருபதாம் நூற்றாண்டுத் தமிழறிஞர் சிலர் கருதினர். யமன் திசையைத் தெற்காகக் கொண்ட நம்பிக்கையே சொல்லை விளக்கப் போதுமானது; அதற்கு மூழ்கிய நிலம் தேவையில்லை. குறள் 43க்கு மு. கருணாநிதி எழுதிய உரையோ சடங்கை விட்டுவிட்டு, மறைந்தோரை நினைவுகூர்வதையே கடமையாகக் கொள்கிறது.

இன்று பேச்சில் இச்சொல் இல்லை; முன்னோர், பாட்டன் பூட்டன் என்பதே வழக்கு. ஆனால் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் இராமேசுவரத்திலும் திருச்சி அம்மா மண்டபத்திலும் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்கள் தெற்கு நோக்கியே இறைக்கிறார்கள்.